ஒழுங்கை முடிவில் நான்கு மாடி: மகஜரில் கையெழுத்து வைப்பதா?

வாசகர் கடிதம்:

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. நல்லூர்ப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன 4 பரப்பு (கால் ஏக்கர்) வளவில் இருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் 31 வீடுகள். ஒழுங்கை முடிவில் 24 பரப்பு அரச காணி கனகாலமாகப் பற்றை பிடித்துக் கிடக்கிறது. அதில் நான்கு மாடியில் 64 வீடுகள் கட்டி, குறைந்த வருமானக்காரருக்கு மலிவு விலையில் கொடுக்கப்போகிறார்களாம். இங்கே இப்போது இரண்டு மாடிக்கு மேல் கட்ட முடியாது என்பதால் வலயத்தையே மாற்றப்போவதாக அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். சனசமூக நிலையத்தில் கூட்டம் நடந்து பெரிய சத்தமாகிவிட்டது. எதிர்த்து ஒரு மகஜர் வீடு வீடாக வருகிறது. வளவில் பங்குக்காரனான என் தம்பி கனடாவில் இருக்கிறான். "அக்கா, கட்டாயம் கையெழுத்து வையுங்கோ, காணி விலை விழுந்திடும்" என்கிறான். என் மகளோ கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் திருநெல்வேலியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். எங்கள் ஒழுங்கையில் பரப்பு 60 இலட்சம் கேட்கிறார்கள். அவளால் வாங்கவே முடியாது. எனக்குள்ள பயம் கிணற்றைப் பற்றியது. எங்களுடையது நல்ல தண்ணீர். கையெழுத்து வைப்பதா, விடுவதா? பக்கத்துக் காணிக்காரர் என்ற முறையில், யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமைப்படி எங்களுக்கு ஏதும் உரிமை உண்டா? மகஜரின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

அந்த மகஜரில் கையெழுத்து வைக்க வேண்டாம். அதற்காகப் பேசாமல் இருந்துவிடவும் வேண்டாம். உங்கள் பெயரில் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன எழுதுவது என்று கடைசியில் சொல்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் நகரத் திட்டமிடல் வேலையில் இருந்தவன் என்ற முறையில் இதை யோசித்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய பிரதியை இரண்டு தரம் வாசித்தேன். எட்டுக் காரணங்கள் போட்டிருக்கிறார்கள். முதலாவது, "ஊரின் பண்பாடும் அமைதியும் கெடும்." இரண்டாவது, "வெளியாட்களின் வருகை." மூன்றாவது காணி விலை. நான்காவது, சத்தமும் வாகனமும். தண்ணீர் ஐந்தாவது இடத்தில் ஒரே ஒரு வரியில் வருகிறது. உங்கள் கடிதத்தில் தண்ணீர்தான் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதைத்தான் முதலில் வைப்பேன். இந்த வரிசையைப் பார்த்த உடனேயே இது உங்கள் மகஜர் இல்லை என்று எனக்குப் பட்டது.

முதலில் காணிக் கணக்கு. 24 பரப்பு என்றால் 240 பேர்ச், ஒன்றரை ஏக்கர். ஒரு வீடு 600 சதுர அடி என்று வைத்தால் 64 வீட்டுக்கு 38,400 சதுர அடி. படிக்கட்டு, நடைபாதை எல்லாம் சேர்த்து 48,000 என்று வையுங்கள். நான்கு தளத்தில் பிரித்தால் நிலத்தில் பிடிக்கும் இடம் 12,000 சதுர அடி, அதாவது காணியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வாகனத் தரிப்பிடமும் உள்வீதியும் போக, பாதிக்கு மேல் வெறும் நிலமாக விட முடியும். விடுவார்களா என்பதை வரைபடம் பார்த்துத்தான் சொல்லலாம், ஆனால் இடம் இருக்கிறது.

இதே 64 குடும்பமும் நம்முடைய வழக்கப்படி ஆளுக்கு 2 பரப்பு வாங்கித் தனி வீடு கட்டினால் 128 பரப்பு வேண்டும். அது 8 ஏக்கர். அந்த 8 ஏக்கர் எங்கிருந்து வரும்? கோண்டாவில், உரும்பிராய், இணுவில் பக்கம் வாழையும் வெங்காயமும் நிற்கிற செம்மண் தோட்டக் காணியில் இருந்துதான் வரும். இப்போதும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. தோட்டத்துக்குள் கல் நட்டு, துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறும் ஒரு மலக்குழியும். ஆகவே மாடி வேண்டாம் என்று சொல்வதால் ஊர் பழையபடி இருந்துவிடாது. நெருக்கம் வேறொரு வழியால் வந்து சேரும்.

சரி, இனித் தண்ணீர். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

நம்முடைய குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில்தான் ஓடும். நாம் குடிப்பதெல்லாம் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கிய தண்ணீர். அந்த நன்னீர், அடியில் இருக்கிற உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதந்துகொண்டு நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பதைப் பிள்ளைகளுக்கு நீங்களே வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்களின் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடி குறைந்தால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். மோட்டர் போட்டு விடாமல் இறைத்த கிணற்றில் முதலில் தேத்தண்ணியில் ஒரு கரிப்புத் தெரியும். பிறகு தென்னங்கன்று கருகும். அதன் பிறகு அந்தக் கிணறு மீள்வது எளிதில்லை.

64 வீட்டில் 250 பேர் என்று வைப்போம். ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் என்றால் 30,000 லீற்றர், வருடத்துக்கு ஏறத்தாழ 110 இலட்சம் லீற்றர். இனி மழையைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்குச் சராசரியாக 1,250 மில்லிமீற்றர் பெய்கிறது என்று வைத்தால், அந்த 24 பரப்பில் விழுகிற மழை மொத்தம் 76 இலட்சம் லீற்றர்தான். ஒரு துளி ஓடவிடாமல், ஒரு துளி ஆவியாகாமல் பிடித்தாலும் போதாது. குழாய்க்கிணறு அடித்து மாடிக்குத் தண்ணீர் ஏற்றினால் மிச்சத்துக்கு அவர்கள் இறைக்கப்போவது உங்கள் 31 வீட்டுக் கிணறுகளுக்குக் கீழே இருக்கிற தண்ணீரைத்தான். ஆகவே முதல் நிபந்தனையில் வளைந்து கொடுக்க இடமே இல்லை. இந்தக் கட்டடத்துக்குக் குழாய்நீர் வர வேண்டும். உள்ளே குழாய்க்கிணறு இருக்கக் கூடாது.

குழாய்நீர் வராது என்று சொல்வதற்கில்லை. 2011இல் தொடங்கிய யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிக்கியதும், கிளிநொச்சி விவசாயிகள் நியாயமாகவே எதிர்த்ததும், கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி 2024 ஓகஸ்டில் திறந்ததும் உங்களுக்குத் தெரியும். அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். இந்த 64 வீட்டுக்கு வேண்டியது 30 கனமீற்றர். தண்ணீர் அங்கே இருக்கிறது. உங்கள் ஒழுங்கை வரைக்கும் குழாய் வருமா, எப்போது வரும் என்பதுதான் கேள்வி. "வரும்" என்று கூட்டத்தில் வாயால் சொல்வது போதாது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும்.

குடிக்கிற தண்ணீரைவிட எனக்குக் கூடுதல் கவலை போகிற தண்ணீரில். உள்ளே வரும் 30,000 லீற்றரில் ஏறத்தாழ 24,000 கழிவாக வெளியே போகும். 5,000 லீற்றர் பவுசரில் ஒவ்வொரு நாளும் ஐந்து பவுசர். யாழ்ப்பாணத்தில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. மேலே சொன்ன திட்டத்தில் முதலில் அதுவும் இருந்தது, பிறகு கைவிட்டார்கள். அதனால் நாம் எல்லோரும் குழிதான். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி விடச் சொல்வது வழக்கம். அந்த 50 அடி, மண் வடிகட்டிக் கொடுக்கும் என்ற நம்பிக்கையில் வந்தது. நம்முடைய ஊரில் பல இடத்தில் ஒன்றிரண்டு முழம் மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமுமாகச் சுண்ணக்கல். அந்த வெடிப்புக்குள் போன கழிவு வடிகட்டப்படுவதில்லை, அப்படியே நடந்து போகிறது. சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின் நிலையக் கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. காசு வந்தாலும் கிணற்றைக் கழுவ முடியுமா?

இதே தராசில் உங்கள் ஒழுங்கையையும் வைத்துப் பார்க்க வேண்டும் ரீச்சர். 31 வீடு, 31 கிணறு, 31 குழி. தோட்டத்துக்குப் போட்ட உரமும் சேர்ந்து, வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது; போனால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். இந்தக் கெடுதலை மாடிவீடு கொண்டுவரவில்லை, நாங்களே செய்தது. 64 குடும்பத்தின் கழிவை ஒரே இடத்தில் சேர்த்தால் அதைச் சுத்திகரிக்கும் பொறி ஒன்றை வைக்க முடியும். எட்டு ஏக்கரில் சிதறின 64 குழிக்கு யாரும் அப்படி ஒன்று வைக்கப்போவதில்லை. சரியாகச் செய்தால் நெருக்கமான வீடுதான் கிணற்றுக்கு நல்லது. பிழையாகச் செய்தால் அதைப் போலக் கேடு வேறில்லை, ஏனென்றால் 24,000 லீற்றரும் ஒரே புள்ளியில் இறங்கும். ஆகவே இரண்டாவது நிபந்தனை: உறிஞ்சு குழி கூடாது, சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், அதை யார் நடத்துவது, மின்கட்டணம் யார் கட்டுவது என்று எழுத்தில் வேண்டும்.

மழைவெள்ளமும் இதோடு சேர்ந்தது. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் அந்தக் காணியில் மட்டும் 6 இலட்சம் லீற்றர் விழும். இப்போது பற்றைக்குள் இறங்கிவிடுகிறது. கொங்கிறீற் போட்டுவிட்டால் ஒழுங்கையால் உங்கள் படலைக்கு வரும். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வந்தபோது எந்த வீட்டு முற்றத்தில் எவ்வளவு நின்றது என்று ஒழுங்கையில் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு சுவரில் வெள்ளக்கோடு இன்னும் தெரிந்தால் நிலத்திலிருந்து அளந்து படம் எடுங்கள். எந்தப் பொறியியலாளரும் அதை மறுக்க மாட்டார். வெறும் நிலமாக விடக்கூடிய பாதிக் காணியில் ஒரு சின்னக் குளம் வெட்டலாம். நகரத்தைச் சுற்றிக் குளங்களை நம் முன்னோர் அழகுக்காகவா வெட்டினார்கள்?

மகஜரில் இருக்கிற வாகனப் பிரச்சினை உண்மைதான். 10 அடி ஒழுங்கையில் ஒரு தண்ணீர் பவுசரும் ஒரு தீயணைப்பு வண்டியும் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போக வேண்டும். 64 வீட்டுக்கு என் கணக்கில் குறைந்தது 20 அடி வேண்டும். அப்படியென்றால் இரண்டு பக்கமும் 5 அடி, உங்கள் மதிலும் அதில் போகும். அதை இப்போதே நேராகக் கேளுங்கள்: வேறு வீதியால் வாசல் வைக்க முடியாதா, முடியாவிட்டால் யாருடைய காணியில் எவ்வளவு எடுப்பார்கள், என்ன கொடுப்பார்கள்?

தேசவழமையைப் பற்றிக் கேட்டீர்கள். அது உதவாது. விற்கிற காணியை மற்றவருக்கு முன் வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் பங்குக்காரருக்கும், விற்பவரின் உரித்தாளியாக வரக்கூடியவருக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டது. பக்கத்துக் காணிக்காரருக்கு அதில் இடம் இல்லை. போதாததற்கு இது அரச காணி.

தம்பி சொன்ன விலை விஷயம். நல்லூர்ப் பக்கத்தில் பரப்பு 60 இலட்சத்துக்குப் போனதற்குக் காரணம் அங்கே மாடி இல்லாதது அல்ல, வெளிநாட்டுக் காசு. அந்தக் காசு இருக்கும்வரை பக்கத்தில் 64 வீடு வந்ததற்காக விலை சரிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. குழாய்நீரும் அகலமான வீதியும் வந்தால் ஏறவும் கூடும். அதற்கு மேல் ஒன்று. நீங்கள் அந்த வளவை விற்கப் போகிறீர்களா? அங்கே இருக்கிறவர் நீங்கள். தம்பிக்கு அது பெறுமதி, உங்களுக்கு அது கிணறும் முற்றமும்.

இனி அந்த முதல் இரண்டு வரிகள். "பண்பாடு", "வெளியாட்கள்". இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் காணி இல்லாதவர்கள் யார்? 1990இல் போரால் வலிகாமம் வடக்கில் இருந்து ஓடிவந்து மல்லாகம், சுன்னாகம் பக்க முகாம்களில் கூரைத் தகரத்துக்குக் கீழே இருபது, முப்பது வருடம் கழித்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். இராணுவம் வைத்திருந்த காணி விடுபட்டபோது காணி உறுதி (பத்திரம்) வைத்திருந்தவர்கள் திரும்பிப் போனார்கள். ஏற்கெனவே மற்றவர் காணியில் குடியிருந்தவர்களுக்குத் திரும்பிப் போக எதுவும் இருக்கவில்லை. ஓடிவரும்போது கையில் இருந்த பிள்ளை இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவர்களில் பலர் எந்தச் சாதிக்காரர், ஏன் அவர்களுக்குப் பரம்பரையாகக் காணி இருக்கவில்லை என்பதும் நமக்குத் தெரியும். இதே மண்ணில் அவர்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள விடாத காலம் இருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் மனிதர்களை மறித்து நின்றார்கள். இன்றைக்கு யாரும் சாதிப் பெயர் சொல்லி மகஜர் எழுதுவதில்லை. "பண்பாடு" என்று எழுதுகிறார்கள்.

உங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அந்த எண்ணத்தில் இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் உங்களைப் போலத் தண்ணீருக்கும் வெள்ளத்துக்கும் பயந்துதான் கையெழுத்து வைத்திருப்பார்கள். ஆனால் ஒரே தாளில் அந்த இரண்டு வரிக்குக் கீழே உங்கள் பெயர் நின்றால் அந்த வரிகளும் உங்களுடையவை ஆகிவிடும். நாற்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் இருத்திப் படிப்பித்தவர் நீங்கள். அந்த 64 வீட்டில் ஒன்றில் உங்களிடம் படித்த பிள்ளை இருக்கக்கூடும். உங்கள் மகளே இருக்கக்கூடும். அவளும் இந்த மகஜரின்படி ஒரு "வெளியாள்"தான்.

மகளைச் சொன்னதும் "மலிவு விலை" என்ற சொல் நினைவுக்கு வருகிறது. அறிவித்தலில் விலை போட்டிருக்கிறார்களா? நீங்கள் எழுதவில்லை. ஒரு வீடு 50 இலட்சம் என்று வைத்துப் பாருங்கள். 12 வீத வட்டியில் 20 வருடக் கடன் எடுத்தால் மாதத் தவணை 55,000 ரூபா. வருமானத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று பார்த்தால், மாதம் 1,65,000 ரூபா உழைக்கிற வீடுதான் அதைத் தாங்கும். முகாமில் இருந்து வந்த கூலித்தொழிலாளி அதைத் தொடவே முடியாது. அப்போது கடைசியில் யார் வாங்குவார்? கொழும்பில் இருப்பவர் ஒன்று, லண்டனில் இருப்பவர் இரண்டு. வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும். இப்படி ஆவதற்குத்தான் நான் பயப்படுகிறேன். ஏழைகள் வந்துவிடுவார்கள் என்று ஊர் பயப்படுகிறது, எனக்கோ அவர்கள் வராமல் போய்விடுவார்களோ என்று பயம். அதனால் விலை என்ன, வாடகைக்கும் கொடுப்பார்களா, பயனாளிப் பட்டியலை யார் எந்த அளவுகோலில் எடுப்பது, பட்டியலைப் பிரதேச செயலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டுவார்களா, வாங்கியவர் எத்தனை வருடத்துக்கு விற்கக் கூடாது என்பதெல்லாம் வலயத்தை மாற்றுவதற்கு முன்பே தெரிய வேண்டும். வலயம் மாறிய பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, என் சொந்தப் பிழையில் இருந்து படித்தது. பல வருடத்துக்கு முன் வேறொரு நகரத்தில், ஊர்ப்பெயர் வேண்டாம், இதே போன்ற நான்கு மாடித் தொடர்மாடி ஒன்றின் வரைபடத்தைப் பார்த்துச் சரி என்று ஒப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். மாடிக்கு மாடி அளவு பார்த்தேன், காற்றோட்டம் பார்த்தேன். தண்ணீர் மோட்டருக்கு யார் மின்கட்டணம் கட்டுவது என்று மட்டும் கேட்கவில்லை. மூன்று வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஓர் அம்மா மேல்மாடியில் நின்று கீழே இருந்து வாளியால் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தார். மோட்டர் நின்று எட்டு மாதமாம். பல்கணிச் சீமெந்துக் கட்டில் கயிறு உரசி உரசி விரல் ஆழத்துக்குத் தடம். நம்முடைய பழைய கிணற்றுக் கட்டில் பார்த்திருப்பீர்களே, அதே தடம். கிணற்றில் அது விழ ஐம்பது வருடம் எடுக்கும். நான் கையெழுத்துப் போட்ட வீட்டில் எட்டு மாதத்தில் விழுந்திருந்தது.

தொடர்மாடி யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. குருநகர் ஐந்துமாடியைத் தெரியாதவர் யார்? மாடிவீட்டில் மனிதர் நன்றாக வாழ முடியும். ஆனால் தனி வீட்டில் கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் ஏறுவார். மாடியில் எல்லோருக்கும் பொதுவான கூரையில் யார் ஏறுவது? தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி கட்டடத்தின் திட்டத்தைப் பதிவுசெய்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி கொடுத்து, குடியிருப்பவர்களே சேர்ந்த முகாமைத்துவ அமைப்பு ஒன்றை ஏற்படுத்த வேண்டும். இதை மேற்பார்க்கக் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை இருக்கிறது. குடிபுகும் நாளிலேயே உறுதி கிடைக்குமா, பராமரிப்பு நிதியில் ஆரம்பத்தில் யார் காசு போடுவார் என்று கேளுங்கள். வயோதிபருக்கும் நடக்க முடியாதவருக்கும் நிலத்தள வீடுகளை ஒதுக்கச் சொல்லுங்கள்.

எதிர்ப்புக்கு எப்போதும் இரண்டு வழி உண்டு. 2016இல் நம்முடைய வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு கொண்டுவர முயன்றபோது, இந்த வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது சரிவராது, ஒரு வீட்டின் செலவும் மிக அதிகம் என்று எதிர்த்தோம். அன்று எதிர்த்தவர்கள் வீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்வீடு தாருங்கள் என்றார்கள், கணக்கும் காட்டினார்கள். கடைசியில் அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. உங்கள் மகஜரில் "வேண்டாம்" மட்டும்தான் இருக்கிறது. அதை அதிகாரிகள் ஒரு கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். நிபந்தனையை அப்படி மூட முடியாது, பதில் எழுத வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். அறிவித்தலில் திகதியைப் பாருங்கள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி அபிவிருத்தித் திட்ட வரைவை 60 நாள் மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபனை கேட்க வேண்டும். அந்த நாட்களுக்குள் உங்கள் கடிதம் அந்த அதிகார சபைக்குப் போய்ச் சேர வேண்டும், பதிவுத் தபாலில். பிரதி ஒன்று உள்ளூராட்சி சபைக்கு. 2023 மார்ச்சில் இருந்து இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே கேட்பதற்கு நாங்கள் தெரிவுசெய்த உறுப்பினர்களே இருக்கவில்லை. 2025 மேயில் தேர்தல் நடந்த பிறகு இருக்கிறார்கள், உங்கள் வட்டாரத்துக்காரரை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்வார்கள்தானே என்று நம்பியிருக்க வேண்டாம். வீடமைப்பில் அது கட்டாயமாவது 1,000 வீட்டுக்கு மேல் போனால்தான். 64 வீட்டுக்கு யாரும் தாமாகச் செய்ய மாட்டார்கள். மண் பரிசோதனை அறிக்கை, கழிவுநீர் வரைபடம், நீர் வழங்கல் கடிதம் மூன்றையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

கடிதத்தை இப்படித் தொடங்கலாம்: "இந்தக் காணியில் காணியற்ற குடும்பங்களுக்கு வீடு கட்டுவதை நான் ஆதரிக்கிறேன். வலயத்தை மாற்றுவதற்கு முன் பின்வருவன அனுமதியின் நிபந்தனைகளாக எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறேன்." அதன் கீழ் குழாய்நீர், சுத்திகரிப்பு, வெள்ளத்துக்குக் குளம், வாசல் வீதி, விலையும் பட்டியலும், உறுதியும் பராமரிப்பும். ஒரு பக்கம் போதும். கீழே நீங்கள் மட்டும் கையெழுத்து வைத்தாலும் போதும். ஆனால் ஒழுங்கையில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தண்ணீருக்குப் பயந்து மற்றத் தாளில் கையெழுத்து வைத்தவர்கள் இதில் வைப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். தம்பிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அவருக்கும் அது அப்பாவின் கிணறு.

அதற்கு முன் ஒரு வேலை. இந்தக் கிழமையே ஒரு சுத்தமான போத்தலை முதலில் கிணற்றுத் தண்ணீரிலேயே மூன்று தரம் அலசி, நிரப்பி, மூடி, திகதி எழுதி, நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். நைத்திரேற்று, குளோரைட்டு, மலக்கிருமி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்களே கிருமிநீக்கிய போத்தல் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆவணியில் ஒரு தரமும் மாரி முடிந்து ஒரு தரமும் திரும்பச் செய்யுங்கள். அத்திவாரம் வெட்டுவதற்கு முன் உங்கள் கிணறு எப்படி இருந்தது என்று சொல்ல அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும். பெறுபேறு வந்ததும், ஒட்டியிருக்கிற அறிவித்தலின் படத்தையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை ஒருதரம் பார்த்துத் தருகிறேன்.